சுங்கை சிப்புட்டிலிருந்து பங்கோருக்குக் குடும்பப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளிலும் வாழும் குடும்பங்கள், பள்ளி விடுமுறை நெருங்கும் வேளையில் பங்கோர்த் தீவுப் பயணத்தைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் ஒன்றாகப் புறப்படும் குடும்பத்தை மனத்தில் வைத்தே ஒவ்வொரு விடையும் அமைந்திருக்கிறது. நண்பர்கள் மட்டும் சேர்ந்து போகும் பயணத்துக்கு இதில் உள்ள பாதி எச்சரிக்கைகள் தேவைப்படமாட்டா.

கடலில் குளிப்பதற்குத் தெலுக் பாத்தேக்கே போதுமே. ஃபெரி ஏறிப் பங்கோருக்கு ஏன் போக வேண்டும்?

குளிப்பது ஒன்றே நோக்கமானால் தெலுக் பாத்தேக் போதும். அது பங்கோர் ஃபெரி புறப்படும் லுமுட் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நல்ல கடற்கரை. ஃபெரிக் கட்டணமும் இல்லை. ஆனால் பங்கோர் வேறு வகையான இடம். ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சிறு தீவின் மேற்குக் கரையில் குளிப்பதற்கு ஏற்ற மணற்பரப்பும், கிழக்குக் கரையில் மீன்பிடிச் சிற்றூர்களும், கடலைப் பார்த்து நிற்கும் காளியம்மன் கோயிலும், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் சுவர்களும் இருக்கின்றன. பேராக் மாநிலத்தில் ஆங்கிலேயர் காலூன்றக் காரணமான உடன்படிக்கை கையெழுத்தானதும் அந்தத் தீவை ஒட்டிய கடலில்தான். நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்து பால் மரம் சீவிய கதையின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆகவே, தோட்டத்துக் குடும்பம் ஒன்று பிள்ளைகளுக்குக் கடலையும் வரலாற்றையும் சேர்த்துக் காட்ட விரும்பினால், இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

திரும்பலாம், ஆனால் நான் பரிந்துரைக்கமாட்டேன். காலையில் புறப்பட்டு, வண்டியை நிறுத்தி, ஃபெரிக்குக் காத்திருந்து, தீவில் வேன் பிடித்துக் கடற்கரையை அடையும்போது நண்பகல் ஆகிவிடும். உச்சி வெயிலில் பிள்ளைகளைக் கடலில் இறக்கிவிட்டு, மாலை ஃபெரியைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரத் துணியோடு கிளம்பும் குடும்பங்கள், கோட்டையையும் கோயிலையும் பார்க்காமலே திரும்புகின்றன. வயதானவர்களுக்கு அந்த ஒரு நாள் அலைச்சல் மட்டுமே மிஞ்சும்.

இரண்டு இரவுகள் தங்குவதே சரியான அளவு. முதல் நாள் பிற்பகலில் போய்ச் சேர்ந்து கடலில் இறங்குங்கள். இரண்டாம் நாள் வெயில் ஏறுமுன் கிழக்குக் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடுப்பகலில் அறையில் ஓய்வெடுத்து, மாலையில் மீண்டும் கடற்கரைக்குச் செல்லுங்கள். மூன்றாம் நாள் காலை உணவுக்குப் பிறகு நிதானமாகப் புறப்படலாம். விடுப்பும் பணமும் இடம் கொடுக்காவிட்டால் ஓர் இரவாவது தங்குங்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

கிழக்குக் கரை மாநிலங்களின் தீவுகளைப் போல ஆண்டு இறுதியில் மூடிக்கிடக்கும் இடம் அன்று பங்கோர். மலாக்கா நீரிணையில், சுமத்ராவின் மறைவில் இருப்பதால் ஆண்டு முழுவதும் போகலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை சற்றுக் கூடுதலாக இருக்கும். அப்போதும் பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும்.

மழையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், நீண்ட வார இறுதிகள் ஆகிய நாள்களில் அறை வாடகை ஏறும். ஃபெரி வரிசை நீளும். பள்ளி விடுமுறையிலேயே போக வேண்டியிருந்தால் திங்கள் முதல் வியாழன் வரையிலான நாள்களைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள் வார நாளில் விடுப்பு எடுப்பது கடினம் என்பதை அறிவேன். ஆயினும் ஒரு நாள் விடுப்பை முன்கூட்டியே கேட்டு, ஞாயிறு பிற்பகலில் எல்லோரும் தீவைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் உள்ளே போனால், பாதிக் கூட்டத்தைத் தவிர்த்துவிடலாம்.

மாசி மகத்தன்று போகலாமா?

பங்கோரைப் பற்றி நம்மவர்கள் முதலில் அறிந்திருப்பதே மாசி மகத்தைத்தான். சுங்கை பினாங் கெச்சிலில் உள்ள ஸ்ரீ பத்திர காளியம்மன் கோயிலில் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் அந்தத் திருவிழாவுக்குப் பேராக்கின் பல தோட்டங்களிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் பக்தர்கள் திரளுகிறார்கள். பால்குடமும் காவடியும் கடற்காற்றில் நகர்வதைக் காண்பது, மலைக்கோயில் திருவிழாக்களையே பார்த்துப் பழகியவர்களுக்குப் புதிய அனுபவமாக இருக்கும்.

ஆனால் நேர்த்திக்கடனையும் விடுமுறையையும் ஒரே பயணத்தில் கலக்காதீர்கள். திருவிழா நாளில் அறைகள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். ஃபெரியில் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கலாம். கைக்குழந்தையோடும் முழங்கால் வலியுள்ள பாட்டியோடும் படகுத்துறையில் காத்திருப்பது எளிதன்று. விரதம் இருப்பவருக்கு ஒரு வகைச் சமையலும், விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு வேறு வகைச் சாப்பாடும் தேடி அலைவதில் இரண்டுமே கெடும். காவடி எடுப்பவர் இருந்தால் அந்தப் பயணத்தை வழிபாட்டுக்கு உரியதாகவே வைத்துக்கொண்டு, குடும்ப விடுமுறைக்கு வேறொரு மாதத்தில் செல்லுங்கள். சாதாரண நாளில் அதே கோயிலுக்குப் போனால், அம்மனை அமைதியாகத் தரிசித்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி சிறிது நேரம் உட்கார்ந்து வரலாம். வயதானவர்கள் இதையே அதிகம் விரும்புகிறார்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எந்த வழியாகப் போவது?

ஈப்போ வழியாகச் செல்வதே எளிது. அங்கிருந்து லுமுட் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்ரீ இஸ்கண்டார், போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் ஆகிய ஊர்களைக் கடந்தால் லுமுட் வந்துவிடும். மொத்தம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இடையில் ஓர் ஓய்வோடு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோலகங்சார், புருவாஸ் வழியாகவும் போகலாம். அந்தச் சாலை குறுகலானது, வளைவுகளும் உண்டு. ஆனால் வழியில் பார்க்க வேண்டிய இடங்கள் இருப்பதால் திரும்பும்போது அதைப் பயன்படுத்தலாம். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

உறவினர்கள் சேர்ந்து பதினைந்து, இருபது பேர் ஆகிவிட்டால் நான்கு கார்களில் போவதைவிட ஒரு வேனை ஓட்டுநரோடு அமர்த்துவது நல்லது. வண்டி நிறுத்தும் கட்டணம் ஒருமுறைதான். முக்கியமாக, திரும்பும்போது களைத்துப்போன அப்பாக்கள் யாரும் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டியதில்லை. அமர்த்தும் வேனுக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

ஃபெரியை லுமுட்டில் பிடிப்பதா, மெரினா ஐலண்டில் பிடிப்பதா?

லுமுட் நகரத் துறையிலிருந்து கடற்பயணம் அரை மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். லுமுட்டை அடுத்துள்ள மற்றொரு படகுத்துறையான மெரினா ஐலண்டிலிருந்து ஏறக்குறைய பத்து நிமிடமே. வாந்தி வரும் பிள்ளையோ தலைசுற்றல் உள்ள பெரியவரோ கூட வந்தால் யோசிக்காமல் மெரினா ஐலண்டுக்குப் போங்கள். கடற்பயணத்தையே ரசிக்க விரும்புபவர்களுக்கும், லுமுட் கடலோர நடைபாதையில் உலாவிவிட்டு ஏற நினைப்பவர்களுக்கும் நகரத் துறை பிடிக்கும். ஃபெரி நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். இரவு நிறுத்தத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கேளுங்கள்.

ஒரு குறிப்பு: ஃபெரி முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நின்று, பிறகே பங்கோர் நகரத் துறைக்குப் போவது வழக்கம். முதல் துறையைப் பார்த்தவுடன் எல்லோரும் எழுந்து இறங்கிவிடாமல், உங்கள் தங்குமிடத்தார் எந்தத் துறையில் இறங்கச் சொன்னார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கே தங்குவது?

குடும்பங்களுக்கு இரண்டு இடங்கள் ஏற்றவை. தெலுக் நிப்பாவில் சிறு தனி வீடு போன்ற ‘சாலே’ (chalet) வகை அறைகளும் நடுத்தர விடுதிகளும் நிறைய உள்ளன. கடற்கரையும் கடைகளும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மாலையில் இருவாச்சிப் பறவைகள் மரங்களில் வந்து இறங்குவதைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். பாசிர் போகாக் பங்கோர் நகரத்துக்கு அருகில் இருப்பதால் கடைக்கும் மருந்தகத்துக்கும் கோட்டைக்கும் போவது சுலபம். நீரின் தெளிவையும் பிள்ளைகளின் மகிழ்ச்சியையும் கருதினால் தெலுக் நிப்பா. பெரியவர்களின் வசதியைக் கருதினால் பாசிர் போகாக். அருகிலுள்ள பங்கோர் லாவுட் தனியார் உல்லாச விடுதிக்குச் சொந்தமான வேறு தீவு. இணையத்தில் படம் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அறைக்குச் சொல்லிவைக்கும்போது சில கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். கீழ்த்தள அறை கிடைக்குமா? குளியலறையில் உட்காரும் கழிப்பறை இருக்கிறதா? ஓர் அறையில் எத்தனை பேர் தங்க அனுமதி? நாமே சமைக்க இடமுண்டா? படத்தில் உள்ள கடல், அறையிலிருந்து உண்மையில் எத்தனை நிமிட நடையில் இருக்கிறது? முன்பணம் அனுப்புவதற்கு முன், விளம்பரத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், விடுதியின் பெயரை வேறு இடத்திலும் தேடி அதே எண்தானா என்று பாருங்கள். விடுமுறைக் காலத்தில் போலி விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

தீவுக்குள் எப்படிச் சுற்றுவது?

இளஞ்சிவப்பு நிறத்தில் ஓடும் வேன் டாக்சிகள்தாம் பங்கோரின் அடையாளம். ஆள் எண்ணிக்கை கூடுதலான குடும்பத்துக்கு அவையே ஏற்றவை. தீவைச் சுற்றிக் காட்ட அரை நாள் வாடகை பேசும்போது எந்தெந்த இடங்களில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் என்பதை ஏறுமுன்பே சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் தீவின் வடபகுதிச் சாலையில் செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் உள்ளன. பழக்கமில்லாதவர்கள் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு அங்கே போகவே கூடாது. உரிமமும் தலைக்கவசமும் தீவிலும் சட்டப்படி தேவை.

டச்சுக் கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

கோத்தா பெலண்டா என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் அந்தக் கோட்டை தெலுக் கெடுங் என்ற இடத்தில் இருக்கிறது. பெரிய மதில்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கூரையற்ற செங்கல் சுவர்கள் கொண்ட ஒரு செவ்வகக் கட்டடம்தான். பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். அதன் கதை தெரிந்து போனால்தான் அந்தச் சுவர்கள் பேசும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1670இல் அதைக் கட்டியது. பேராக்கில் கிடைத்த ஈயத்தை (வெள்ளீயத்தை) சேமித்துவைக்கவும், அந்த வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருக்கவும், நீரிணையில் கடற்கொள்ளையரைக் கண்காணிக்கவும் கம்பெனிக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஈய வணிகத்தில் காட்டப்பட்ட கெடுபிடியை உள்ளூர் மக்கள் வெறுத்தனர். 1690இல் கோட்டை தாக்கப்பட்டது. 1743இல் டச்சுக்காரர்கள் அதைத் திருத்திக் கட்டினார்கள். ஆனால் 1748இல் படையை விலக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று நாம் காணும் உருவம், 1973இல் அருங்காட்சியகத் துறை சீரமைத்த பிறகு கிடைத்தது.

கோட்டைக்குச் சற்றுத் தொலைவில், கடலோரமாக ஒரு பெரும்பாறை கூரையின் கீழ் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதில் டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்துகளும், 1743 என்ற ஆண்டும், குழந்தையைக் கவ்விச் செல்லும் புலி போன்ற ஓர் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. டச்சு அதிகாரி ஒருவரின் குழந்தை அங்கே காணாமற்போனது என்றும், புலி தூக்கிச் சென்றதாகக் கருதிப் படைவீரர்கள் அதைப் பாறையில் பொறித்தார்கள் என்றும் கதை வழங்குகிறது. கோட்டையில் சலித்துப்போகும் பிள்ளைகள்கூட இந்தப் பாறையருகே நின்று, புலியின் கால் எது, வால் எது என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?

பள்ளிப் பாடத்தில் ஒரு தேதியாக மட்டும் மனனம் செய்யப்படும் இந்த நிகழ்வு நம்மோடு நேரடியாகத் தொடர்புடையது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1870களின் தொடக்கத்தில் பேராக்கில் இரண்டு பூசல்கள் ஒருங்கே எரிந்துகொண்டிருந்தன. லாருட்டின் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீனச் சங்கங்கள் மோதிக்கொண்டன. 1871இல் சுல்தான் அலி மறைந்தபின் அரியணை ராஜா இஸ்மாயிலுக்குப் போனது. தனக்கு உரியது என்று ராஜா அப்துல்லா கருதினார். இந்தச் சூழலைப் பயன்படுத்திக்கொண்ட ஆங்கிலேய ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க், பங்கோருக்கு அருகே நங்கூரமிட்டிருந்த புளூட்டோ என்ற கப்பலில் கூட்டம் கூட்டினார். 1874 ஜனவரி 20 அன்று அங்கே உடன்படிக்கை கையெழுத்தானது. அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். அதற்கு ஈடாக, மலாய்க்காரரின் சமயமும் வழக்கமும் தவிர்ந்த மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்ட் எனப்படும் ஆங்கிலேய ஆலோசக அதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. பங்கோரும் எதிர்க்கரையின் டிண்டிங்ஸ் பகுதியும் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1935இல்தான் பேராக்கிடம் திரும்பின.

முதல் ரெசிடெண்டாக வந்த பர்ச், வரி வசூலிலும் மற்றவற்றிலும் காட்டிய கடுமையால் 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்கு மலாய்த் தலைவர் மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லா செஷல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். பின்னர் 1877இல் ரெசிடெண்டாக வந்தவர் ஹியூ லோ. கோலகங்சாரில் தம் இருப்பிடத் தோட்டத்தில் அவர் ரப்பர் கன்றுகளை நட்டு வளர்த்தார். மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பருக்கு விலை ஏறிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார்.

ஒரு கப்பலில் போடப்பட்ட கையெழுத்திலிருந்து ரெசிடெண்டும், ரெசிடெண்டின் தோட்டத்திலிருந்து ரப்பரும், ரப்பரிலிருந்து நம் லயன் வீடுகளும் வந்தன. இடையில் வேறு பல காரணங்கள் இருந்தாலும் இந்தத் தொடர்ச்சி உண்மையானது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயத்தைவிட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை, பால் மரத்தையே பார்க்காமல் வளரக்கூடும். ஃபெரி பங்கோரை நெருங்கும் அந்தச் சில நிமிடங்களில் தாத்தாவோ பாட்டியோ தங்கள் வாயால் இதைச் சொல்லட்டும். தேதிகளை அப்பா நிரப்பிக்கொள்ளலாம். விடியுமுன் எழுந்து தலைவிளக்கோடு மரம் சீவப் போனதை அவர்களைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்?

வரலாறு என்றாலே பிள்ளைகள் ஓடுகிறார்களே?

ஒரு நாளுக்கு ஓர் இடத்துக்கு மேல் காட்டாதீர்கள். அதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். கோட்டையின் நீள அகலத்தைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். தகவல் பலகையில் உள்ள மலாய் வாசகத்தைப் பிள்ளை வாசித்துப் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். அதன் பிறகு கடல் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் பொறுமையாகவே இருப்பார்கள்.

கடலில் பிள்ளைகளைப் பாதுகாப்பது எப்படி?

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் நீச்சல் கற்றதில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கும் கடல் புதிது. எனவே இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முறைவைத்து ஒருவரிடம் ஒப்படையுங்கள். அந்த நேரத்தில் அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. பத்துப் பெரியவர்கள் கரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுகிறார்கள். சிறு பிள்ளைகள் இடுப்பளவு நீரைத் தாண்ட வேண்டாம். காற்றடைத்த மிதவை வளையம் பாதுகாப்புச் சாதனம் ஆகாது. காற்று வீசினால் அது பிள்ளையோடு சேர்ந்து ஆழத்துக்குப் போய்விடும்.

தெலுக் நிப்பாவின் எதிரே உள்ள கியாம் தீவுக்குப் படகில் போய் மீன்களைப் பார்க்கலாம். உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவர் உடம்புக்கும் பொருந்துகிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கான அளவு இல்லையென்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள். சொறிமீன் உடம்பில் பட்டு எரிந்தால் தேய்க்கக் கூடாது. மூச்சுத் திணறலோ வேகமாகப் பரவும் வீக்கமோ தெரிந்தால் தாமதிக்காமல் 999ஐ அழையுங்கள். தீவில் அரசாங்கச் சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குக் கரையில் உள்ள ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும்.

குரங்குகள் உணவுப் பைகளைப் பறித்துக்கொண்டு ஓடும். அவற்றுக்கும் இருவாச்சிகளுக்கும் தின்பண்டம் போட்டுப் பழக்காதீர்கள்.

தாத்தா பாட்டியை அழைத்துப் போகலாமா?

கட்டாயம் அழைத்துப் போங்கள். ஃபெரியில் ஏறி இறங்கும் இடம் ஒன்றுதான் உண்மையான சிரமம். நீர் வற்றிய நேரத்தில் துறைக்கும் ஃபெரிக்கும் இடையே படி உயரம் வேறுபடலாம். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நின்று கைகொடுத்து ஏற்றுங்கள். ரத்த அழுத்தம், இனிப்பு நீர் ஆகியவற்றுக்கான மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். தங்கும் நாள்களைவிட இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு மடக்கு நாற்காலி ஒன்று வேண்டும். பாய் விரித்து உட்காரவைத்தால் எழுந்திருக்கும்போதுதான் சிரமம் தெரியும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சிப்பி கீறிய சிறு புண்கூட அவர்களுக்கு ஆற நாளாகும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கடலுணவு உண்பவர்களுக்குக் கவலையில்லை. தெலுக் நிப்பாவிலும் பங்கோர் நகரத்திலும் மீன், இறால், கணவாய் ஆகியவை புதிதாகவே கிடைக்கின்றன. எடை போட்டு விலை சொல்லும் கடையில், சமைக்கச் சொல்லுமுன் மொத்த விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் கிடைக்கும். சைவ உணவு உண்பவர்களுக்கும், மாட்டிறைச்சி கலந்துவிடுமோ என்று தயங்கும் பெரியவர்களுக்கும்தான் தெரிவு குறைவு. முதல் நாளுக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் அன்றைய செலவும் மிச்சம். ஃபெரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளின் பசிக்கும் உதவும். சமைக்க இடமுள்ள தங்குமிடமானால் ஒரு சோற்றுப் பானை, கொஞ்சம் அரிசி, மசாலைத்தூள் ஆகியவை போதும். மீனை அங்கேயே வாங்கிக் குழம்பு வைத்துவிடலாம்.

செலவை எப்படித் திட்டமிடுவது?

அறை வாடகை, பெட்ரோல், வண்டி நிறுத்தும் கட்டணம், ஆளுக்கு ஃபெரிக் கட்டணம், தீவு வேன், சாப்பாடு, படகுச் சவாரி என ஏழு தலைப்புகளில் எழுதிக் கூட்டுங்கள். பெரும்பாலோர் ஃபெரியையும் வேனையும் ஆள் எண்ணிக்கையால் பெருக்க மறந்துவிடுகிறார்கள். வந்த மொத்தத்தோடு பத்தில் ஒரு பங்கைக் கையிருப்பாகச் சேர்த்து, பயணத்துக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறதோ அத்தனையால் வகுத்து, மாதந்தோறும் தனியே எடுத்துவையுங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து போனால் பணத்தை ஒருவர் வாங்கி, கணக்கை இன்னொருவர் எழுதுவது நல்லது. உறவுக்குள் வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் பத்து, இருபது ரிங்கிட் கணக்கில்தான் தொடங்குகிறது. பயணத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். அடுத்த விடுமுறை வரை தள்ளிப்போடுவதில் குறைவொன்றும் இல்லை.

திரும்பும் வழியில் வேறு எதையாவது பார்க்கலாமா?

மூன்று இடங்களைச் சொல்வேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காமல் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

புருவாஸில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. பழைய கங்கா நகரம் என்ற அரசை இந்தப் பகுதியோடு தொடர்புபடுத்தும் மரபு உண்டு. ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் நடத்திய கடற்படையெடுப்போடும் அதை இணைத்துப் பேசுவார்கள். அந்த அரசு இங்கேதான் இருந்தது என்று உறுதியாக நிறுவப்படவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சேர்த்தே சொல்லுங்கள்.

பாசிர் சாலாக் பேராக் ஆற்றங்கரையில் உள்ளது. பர்ச் கொல்லப்பட்ட இடத்தில் வரலாற்று வளாகம் ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து விலகிப் போக வேண்டும் என்பதால் அதற்கு அரை நாள் தேவை.

கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே, ஹியூ லோ காலத்து ரப்பர் மரம் ஒன்று வேலிக்குள் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அங்கிருந்து சுங்கை சிப்புட் வெகு அருகில் என்பதால், புருவாஸ் வழியாகத் திரும்புபவர்கள் வீடு சேருமுன் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். பங்கோர் உடன்படிக்கையின் கதையைக் கேட்ட பிள்ளைகளுக்கு அந்த மரத்தைக் காட்டாமல் போவது குறையாகவே இருக்கும்.

மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

அறைக்குள் அடைந்து கிடக்காமல் வேனில் ஏறிக் கிழக்குக் கரைக்குப் போங்கள். கோயிலுக்கும், சுங்கை பினாங் பெசாரில் சீனப் பெருஞ்சுவரின் சிறிய வடிவத்தோடு அமைந்த ஃபூ லின் கோங் ஆலயத்துக்கும், கருவாட்டுக் கடைகளுக்கும் மழை ஒரு தடையன்று. இடி இடிக்கும்போது மட்டும் யாரையும் கடலில் விடாதீர்கள்.

என்ன வாங்கி வரலாம்?

2020 ஜனவரி 1 முதல் பங்கோர் வரியில்லாத் தீவாக இருக்கிறது. சாக்லேட் போன்றவை சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எல்லாப் பொருளும் மலிவு என்று எண்ணிவிட வேண்டாம், ஈப்போ விலையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மதுபானம், சிகரெட் ஆகியவற்றைக் கரைக்குக் கொண்டுவரச் சுங்கத்துறையின் வரம்புகள் உண்டு. படகுத்துறையில் உள்ள அறிவிப்பைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

உண்மையில் பங்கோரில் வாங்க வேண்டியவை நெத்திலியும் காய்ந்த கணவாயும் சத்தே மீனும்தான். நெத்திலியில் தலை உடையாமல், மஞ்சள் படியாமல், கையில் எடுத்தால் ஈரம் ஒட்டாமல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்குபவர்கள் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லலாம். எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து வண்டியின் பின்பெட்டியில் ஏற்றுங்கள்; இல்லையென்றால் ஈப்போ வருவதற்குள் துணிமணி எல்லாம் கருவாட்டு வாடை அடிக்கும். கடைசி ஃபெரியை நம்பிக் கடைகளில் நேரத்தைக் கழிக்காமல், அதற்கு இரண்டு நடை முன்னதாகவே துறைக்கு வந்துவிடுங்கள்.